பனி தள்ளுவதற்கென்று ஒரு பழைய பிக்கப் டிரக் வாங்கலாமா? பழுதுகளை நாமே பார்த்துக்கொள்ள முடியுமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், பாரி நகரத்துக்கு வடக்கே ஒருவர் வீடு வாங்கியிருக்கிறார். சாலையிலிருந்து வாசல் வரை 60 மீட்டருக்கு ஜல்லி போட்ட டிரைவ்வே. அக்கம்பக்கத்தில் 20 வருடப் பழைய பிக்கப் டிரக் ஒன்று, முன்னால் பனி தள்ளும் பிளேடு மாட்டியபடியே விலைக்கு வருகிறது. வாங்கலாமா என்று கேட்கிறார்.

வாங்கலாம். ஓரளவு ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் பாதிக்கு மேல் பழுதுகளை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நானும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறேன். அப்படிப்பட்ட ஒரு பழைய டிரக்கைத்தான் பல குளிர்காலமாக ஓட்டிவருகிறேன். ஆனால் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டு மயங்கி வாங்கிவிடாதீர்கள். பனி தள்ளுகிற வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் கடைசியாகத்தான் போகும். முன் ஆக்சில், சேஸிஸ், பிரேக் லைன், கியர்பாக்ஸ், மின் இணைப்புகள் இவையெல்லாம் அதற்கு முன்பே போய்விடும்.

வேலை எவ்வளவு என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் பனி என்றால் 36 கன மீட்டர், அதாவது மூன்றரை டன்னுக்கு மேல். ஒரே இரவில் கொட்டுவது இது. நம் பக்கம் இது அபூர்வமும் இல்லை. உறையாத ஹூரான் ஏரியையும் ஜார்ஜியன் வளைகுடாவையும் கடந்து வரும் குளிர்காற்று, நீராவியை அள்ளிக்கொண்டு வந்து ஒடுக்கமான பட்டைகளாகப் பனியைக் கொட்டும். பட்டை விழுகிற இடத்தில் முழங்கால் அளவு பனி இருக்கும், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி வெயில் அடிக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் கிரேவன்ஹர்ஸ்ட் பக்கம் ஒரு மீட்டருக்கு மேல் கொட்டி நெடுஞ்சாலை 11 மூடப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இதோடு, நகராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது நம் டிரைவ்வே வாயில் ஒரு வரப்பு போட்டுவிட்டுப் போகும். உப்பும் ஈரமும் கலந்து இறுகிய அந்த வரப்பு, அதே அளவு புதுப் பனியைவிடப் பல மடங்கு கனமானது. 60 மீட்டருக்கு ஷாவல் போதாது. நாலு கார் நிற்கும் நீளம்தான் என்றால் நல்ல ஸ்னோ ப்ளோயர் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், டிரக்கே தேவையில்லை.

சரி, வண்டியைப் பார்க்கப் போகிறீர்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் நிலையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முன் ஆக்சில் எவ்வளவு எடை தாங்கும் என்று அதில் போட்டிருப்பார்கள். ஏழரை அடி இரும்பு பிளேடும் அதன் மவுண்டும் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். அது ஆக்சிலுக்கு மேலே உட்காரவில்லை, ஒரு மீட்டருக்கு மேல் முன்னால் தள்ளித் தொங்குகிறது. அதனால் முன் ஆக்சிலில் பிளேடின் எடையைவிட அதிகம் ஏறும், பின்பக்கம் லேசாகிவிடும். ஃபோர்டு எஃப்-150, செவர்லே 1500 போன்ற, அரை டன் என்று அழைக்கப்படும் லேசான வகை வண்டிகளை இதனால்தான் நான் தவிர்க்கச் சொல்கிறேன். 2500, எஃப்-250 வகை முக்கால் டன் வண்டியாகப் பாருங்கள். 1999-க்குப் பிந்தைய நான்கு சக்கர இயக்க எஃப்-250-களிலும், ராம் 2500-களில் பெரும்பாலானவற்றிலும் முன்னால் ஒரே துண்டான சாலிட் ஆக்சில் இருக்கும். அந்தக் காலத்துச் செவர்லே, ஜிஎம்சி 2500-களில் டார்ஷன் பார் சஸ்பென்ஷன், அதாவது முறுக்கப்படும் இரும்புக் கம்பியே ஸ்பிரிங்காக வேலை செய்யும். அதுவும் தாங்கும். ஆனால் பிளேடு மாட்டியதும் முன்பக்கம் தாழ்கிறது என்று அந்த பாரை அளவுக்கு மேல் முறுக்கி உயர்த்தியிருப்பார்கள். அப்படிச் செய்த வண்டியில் பால் ஜாயிண்ட் சீக்கிரம் தேயும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் விலையில் கழியுங்கள்.

அப்புறம் கீழே படுத்துப் பாருங்கள். இதற்குக் கூச்சப்படவே கூடாது. சின்னச் சுத்தியலால் சேஸிஸை முழு நீளத்துக்கும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே தின்றுபோன இடம் பொத்தென்று கேட்கும். பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம், பெட்ரோல் டேங்குக்கு மேலே மறைந்திருக்கும் பகுதி, பிளேடு மவுண்ட் போல்ட் போட்ட இடம் மூன்றையும் விடாமல் பாருங்கள். மவுண்ட் பக்கம் விரிசல் இருந்தாலோ, சேஸிஸில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினாலோ அந்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

பிரேக் லைனை மட்டும் தனியாகச் சொல்கிறேன், உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கால டிரக்குகளில் பெரும்பாலும் இரும்புக் குழாய்தான். சாலை உப்பு அதை வெளியிலிருந்து தின்னும். வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது, ஒருநாள் அழுத்தி மிதிக்கும்போது வெடித்துவிடும். உரிந்து செதில் செதிலாக இருந்தால் ஒட்டுப்போடாமல் முழு லைனையும் மாற்றுங்கள். தாமிரமும் நிக்கலும் கலந்த குழாய் சுருளாகக் கிடைக்கிறது. அது உப்புக்குத் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம். முனையை இரட்டை மடிப்பாக விரிக்கும் கருவி ஒன்று வேண்டும். அந்த மடிப்பைத் துண்டுக் குழாயில் செய்து கை பழகிய பிறகு வண்டியில் செய்யுங்கள். முதல் தடவை தெரிந்த மெக்கானிக் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

இனி, குளிர்காலத்தில் அடிக்கடி தொல்லை தரும் இடத்துக்கு வருகிறேன். பிளேடைத் தூக்குவதும் திருப்புவதும் ஒரு சின்ன ஹைட்ராலிக் பம்ப். அதைச் சுற்றுவது ஸ்டார்ட்டர் மோட்டார் மாதிரியான மின்மோட்டார். வேலை செய்யும்போது 150, 200 ஆம்பியர் வரை இழுக்கும். எஞ்சின் ஐடிலில் இருக்க, ஹெட்லைட், ஹீட்டர், வைப்பர் எல்லாம் ஓட, பழைய ஆல்டர்னேட்டரால் அதைக் கொடுக்க முடியாது, பேட்டரிதான் கொடுக்கிறது. அந்த பேட்டரிக்கோ மைனஸ் 20-இல் பாதித் தெம்புதான் இருக்கும். அதனால் நல்ல பேட்டரி, அதிக ஆம்பியர் ஆல்டர்னேட்டர், தடிமனான கேபிள் மூன்றுக்கும் தாராளமாகச் செலவு செய்யுங்கள்.

பிளேடு அசையவில்லை என்றால் உடனே பம்பைக் கழற்றாதீர்கள். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். பட்டனை அழுத்தியும் மோட்டார் சத்தமே இல்லையென்றால் பிரச்சினை மின்சாரத்தில். சோலனாய்டு (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்), எர்த், மோட்டாரின் கார்பன் பிரஷ் என்று வரிசையாகப் பாருங்கள். மோட்டார் சுற்றுகிறது, பிளேடு எழவில்லை என்றால் ஆயில் குறைந்திருக்கும், இல்லையென்றால் வால்வைத் திறக்கும் காயில் வேலை செய்யவில்லை. காயிலைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒருவரை பட்டனை அழுத்தச் சொல்லிவிட்டு, காயில் தலையில் இருக்கும் நட்டுக்கு அருகே ஸ்க்ரூடிரைவர் முனையைக் கொண்டுபோங்கள். காந்தம் போல இழுத்தால் காயிலுக்கு மின்சாரம் வருகிறது. தூக்கிய பிளேடு தானாக மெல்ல இறங்கினால் வால்வில் தூசி அடைத்திருக்கலாம். திருப்பிய பிளேடு கோணத்தில் நிற்காமல் வழுகினால் சிலிண்டர் சீல், ரிலீஃப் வால்வு பக்கம் பாருங்கள்.

எர்த் இணைப்புதான் என் அனுபவத்தில் அதிகம் ஏமாற்றுவது. பார்க்க இறுக்கமாக இருக்கும், உள்ளே பச்சை பூத்திருக்கும். மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு கம்பி பேட்டரியின் நெகட்டிவில், இன்னொன்று பம்ப் மோட்டாரின் உடம்பில். பிளேடைத் தூக்கச் சொல்லுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ மின்சாரம் வீணாகிறது. பாசிட்டிவ் பக்கமும் இதே சோதனை. இணைப்புகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே டைஎலக்ட்ரிக் கிரீஸ் பூசிவிட்டால் அந்தக் குளிர்காலம் நிம்மதி.

ஹைட்ராலிக் ஆயிலை வருடம் ஒருமுறை மாற்றுங்கள். உள்ளே சேரும் ஈரம் குளிரில் பனிக்கட்டியாகி வால்வை அடைக்கும். பிளேடு தயாரிப்பாளர் எந்த ஆயிலைச் சொல்கிறாரோ அதையே ஊற்றுங்கள். கசிவைத் தேடும்போது ஹோஸைக் கையால் தடவவே கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசி முனை ஓட்டையிலிருந்து பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரலாம். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தூக்கிய பிளேடுக்குக் கீழே எந்தக் காரணத்துக்கும் போகாதீர்கள். தரையில் இறக்கிவிட்டுத்தான் வேலை.

ஓட்டுகிற விதம்தான் கியர்பாக்ஸின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. முன்னே தள்ளு, பின்னே வா, மறுபடி முன்னே என்று இந்த வேலை முழுவதும் கியர் மாற்றம்தான். வண்டி முழுதாக நின்ற பிறகே ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றுங்கள். உருண்டுகொண்டிருக்கும்போதே மாற்றி மாற்றித்தான் பல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்கள் சாகின்றன. அடுத்த எதிரி சூடு. தனி ஆயில் கூலரும், கியர்பாக்ஸ் சூட்டைக் காட்டும் மீட்டரும் இல்லாத வண்டியென்றால் இரண்டையும் மாட்டிவிடுங்கள். நடைவேகத்தில், நான்கு சக்கரத்தின் லோ ரேஞ்சில் தள்ளினால் போதும். பனி இல்லாத தார்ச்சாலைக்கு வந்ததும் நான்கு சக்கர இயக்கத்தை எடுத்துவிடுங்கள். பின் ஆக்சிலுக்கும் பின்னால், டெயில்கேட்டை ஒட்டி, 200 கிலோவுக்குக் குறையாமல் மணல் மூட்டைகளை நகராதபடி கட்டிப் போடுங்கள். பின் சக்கரத்துக்குப் பிடிமானம் வரும், முன் ஆக்சிலுக்குச் சுமை குறையும். சிக்கிக்கொண்டால் அதே மணலைச் சக்கரத்தடியில் தூவலாம்.

கராஜ் வாசலில் பிளேடை இறக்கி, பின்னோக்கி இழுத்து வாருங்கள். பிறகு திரும்பி வெளியே தள்ளுங்கள். டிசம்பரின் முதல் பனியையே ஓரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தாண்டித் தள்ளிவையுங்கள். அப்போது சோம்பல்பட்டு ஓரத்திலேயே விட்டால் அது கல்லாக இறுகி, பிப்ரவரியில் தள்ள இடமே இருக்காது. புயல் முழுதும் ஓயட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், நடுவிலேயே ஒரு தடவை தள்ளினால் வண்டிக்குச் சுமை பாதி. இறுகிய குவியலை பிளேடு கோணலாக இருக்கும்போது இடிக்காதீர்கள், ஒரு பக்கமாக அடி விழுந்து மவுண்ட் வளையும். உங்களுடையது ஜல்லி டிரைவ்வே என்பதால், தரை உறையும் வரை பிளேடின் அடியில் ஷூ எனப்படும் இரும்புப் பாதங்களை மாட்டி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் வைத்துத் தள்ளுங்கள், இல்லாவிட்டால் வசந்தத்தில் புல்லுக்குள் ஜல்லி பொறுக்க வேண்டியிருக்கும். நவம்பரில் மண் இளகி இருக்கும்போதே ஓரங்களிலும், கிணற்றுக் குழாய்த் தலையைச் சுற்றியும் அடையாளக் கம்புகளை நட்டுவிடுங்கள். பனி மூடிய பிறகு அந்தக் குழாய் கண்ணுக்கே தெரியாது.

வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளே உட்காரும்போது புகைக்குழாய் பனிக்குள் புதைந்திருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். பழைய வண்டியில் சைலன்சரும் ஓட்டையாக இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது.

சட்டமும் கொஞ்சம். அனுமதி இல்லாமல் சாலையில் பனியைக் கொட்டுவதை ஒன்டாரியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 181-ஆவது பிரிவு தடுக்கிறது. எதிர்ப்பக்கம் காலி நிலமாக இருந்தாலும் சாலையைக் கடந்து தள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு தள்ள நினைத்தால் முதலில் இன்சூரன்ஸ்காரரிடம் பேசுங்கள், சொந்த உபயோகத்துக்கான பாலிசி பொதுவாக அதற்குச் செல்லாது. நீங்கள் தள்ளிய இடத்தில் யாராவது வழுக்கி விழுந்தால் உங்கள் மேலும் வழக்கு வரலாம். 2021 ஜனவரி முதல், அப்படி அடிபட்டவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று மாகாணச் சட்டம் சொல்கிறது. அதனால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எங்கே தள்ளினீர்கள் என்று நோட்டில் எழுதிவையுங்கள்.

வண்டியும் பிளேடும் சேர்ந்தே வருவது உங்களுக்கு நல்லது. பிளேடைத் தனியாக வாங்கினால் மவுண்டும் வயரிங்கும் உங்கள் டிரக் மாடலுக்குப் பொருந்த வேண்டும், அந்தச் செலவு சில சமயம் பிளேடு விலையையே எட்டும். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த வண்டியை உங்கள் கண்முன் ஸ்டார்ட் செய்து, பிளேடைத் தூக்கி, இடமும் வலமும் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். ஏப்ரல், மே மாதம் வரை பொறுக்க முடிந்தால் விலையும் இறங்கும், பிரேக் லைனும் எர்த்தும் சரிபார்க்க ஒரு கோடைகாலம் முழுதாகக் கிடைக்கும். வாங்கியதும் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, துருத் தடுப்பு எண்ணெய் அடித்துவிடுங்கள். சிலிண்டர்களின் பளபளக்கும் கம்பிகளில் கிரீஸ் பூசி, பிளேடைக் கட்டை மேல் இறக்கி வையுங்கள்.