தாழிட்ட அரங்கமும் பலகைக் குடிசையும்

அன்புள்ள ஐயா,

அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். டிசம்பர் 10, மனித உரிமை நாள் விழாவை நடத்தும் பொறுப்பு மூன்றாவது ஆண்டாக என் தலையில் விழுந்திருக்கிறது. உறுதிமொழி, சுவரொட்டிப் போட்டி, சிறப்புரை, குழுப் புகைப்படம், அறிக்கை. அவ்வளவுதான் விழா. இந்த முறை மாணவர்கள் சிலர், வளாகத்தில் ஓர் அகதி முகாமை அமைத்து அதில் ஒரு நாள் வாழ்ந்து காட்டப் போவதாகச் சொல்கிறார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர், "அடுத்தவன் துயரத்தை வைத்து நமக்கு எதற்கு நாடகம்?" என்று கேட்டார். எனக்கும் உள்ளூர அப்படித்தான் தோன்றுகிறது. எங்கோ நடக்கும் கொடுமைக்கு இங்கே மைதானத்தில் கூட்டம் போட்டு என்ன ஆகப் போகிறது?

க.

அன்புள்ள க.,

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக்கு இதே நாளில் பேசப் போயிருந்தேன். அரங்கம் நிறைந்திருந்தது. மனித உரிமைப் பிரகடனத்தின் 13ஆவது பிரிவு, நடமாடும் சுதந்திரம் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கவனித்தேன்: பின்பக்கக் கதவுகள் இரண்டும் உள்ளே தாழிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அருகிலும் நாற்காலி போட்டு ஓர் ஆசிரியர். ஒரு மாணவி எழுந்து போய்ச் சுண்டுவிரலைக் காட்டினாள். அவர் மேடையைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? 13ஐ முடித்து 14க்குப் போனேன். பிறகு சால்வையும் வாங்கிக்கொண்டேன்.

ஆகவே சடங்கைப் பற்றிய உங்கள் சலிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் மூத்த பேராசிரியர் நாடகத்தைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

1981 பிப்ரவரி 18, லாஸ் ஏஞ்சலஸ் நகரின் ஆக்சிடென்டல் கல்லூரி. கறுப்பினத்தவரை ஒடுக்கும் நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் தொழில் நடத்தும் நிறுவனங்களில் கல்லூரி போட்டிருக்கும் பணத்தைத் திரும்ப எடுக்கச் சொல்லி மாணவர்கள் கூட்டம் போட்டார்கள். 19 வயது மாணவன் ஒருவன் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினான். இரண்டு நிமிடத்தில் ராணுவ உடுப்பு மாதிரி அணிந்த இருவர் வந்து அவனை இழுத்துச் சென்றார்கள். தென்னாப்பிரிக்காவில் பேச்சுரிமை இல்லை என்று காட்டுவதற்காக முன்பே பேசிவைத்த நாடகம்தான். பேச வந்த ருசியில் பையனுக்கு நிஜமாகவே மேடையை விட்டுப் போக மனமில்லை. ஆனால் அன்று இரவே, இதெல்லாம் வெறும் வேஷம், எதையும் மாற்றாது என்று தோழியிடம் அலுத்துக்கொண்டான். ஏறக்குறைய உங்கள் கடிதத்தின் தொனிதான். உன் மனநிறைவுக்காக யாரும் இதை நடத்தவில்லை என்று அவள் கடிந்துகொண்டதைப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். பையனின் பெயர் பராக் ஒபாமா.

அந்தக் கூட்டத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கோரிக்கை. 'நிறவெறி ஒழிக' என்று ஆக்சிடென்டலில் கத்தினால் தென்னாப்பிரிக்கத் தலைநகர் பிரிட்டோரியாவில் யாருக்கும் காது கேட்காது. 'நம் கல்லூரியின் பணம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டால் அறங்காவலர்கள் பதில் சொல்லியாக வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் நன்கொடைப் பணத்தைப் பங்குகளில் போட்டு வைத்திருப்பவை. ஃபோர்டு, ஐபிஎம் போன்ற நிறுவனங்கள் தென்னாப்பிரிக்காவில் தொழில் செய்தன. நூல் பிடித்துக்கொண்டு போனால் கொடுமையின் மறுமுனை தங்கள் கல்லூரியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தது. 1977இல் ஹாம்ப்ஷயர் என்ற சிறிய கல்லூரி முதலில் முதலீட்டை எடுத்தது. 1985 ஏப்ரலில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் ஹாமில்டன் மண்டபக் கதவுகளுக்குச் சங்கிலி போட்டு, வாசலில் மூன்று வாரம் உட்கார்ந்தார்கள். அந்தக் கட்டடத்துக்கு மண்டேலா மண்டபம் என்று பெயரும் வைத்தார்கள். இலையுதிர் காலத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் 310 கோடி டாலர் முதலீட்டை விலக்க முடிவெடுத்தது. பிரிட்டனில் மாணவர்கள் பார்க்ளேஸ் வங்கியில் கணக்குத் தொடங்க மறுத்துவந்தார்கள். 1986 நவம்பரில் அந்த வங்கி தென்னாப்பிரிக்கத் தொழிலை விற்றுவிட்டு வெளியேறியது. மாணவர்கள் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அங்கே லாபம் சுருங்கியதும் காரணம்தான்.

குடிசை கட்டுவதும் அந்தப் போராட்டத்தின் வழக்கம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி நடுவே வெட்டிச் சீராக்கிய புல்வெளி ஒன்று உண்டு, அந்த ஊரின் பெருமை. 1985 நவம்பரில் மாணவர்கள் அதில் பலகைகளை அறைந்து, தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் வாழும் சேரியைப் போலக் குடிசைகளை எழுப்பினார்கள். பழைய மாணவர்களின் கண்ணை அது உறுத்தியது. மார்ட்டின் லூதர் கிங் பிறந்தநாள் முதல்முறையாகத் தேசிய விடுமுறையாகக் கொண்டாடப்பட்ட மறுநாள், 1986 ஜனவரி 21 விடியுமுன், 12 மாணவர்கள் சம்மட்டிகளோடு வந்து அவற்றை அடித்து நொறுக்கினார்கள். கல்லூரியை அழகுபடுத்துகிறார்களாம். அந்த வாரமே ஒரு நாள் வகுப்புகளை நிறுத்திவிட்டு இனவெறியைப் பற்றிப் பேச வேண்டிய நிலை நிர்வாகத்துக்கு வந்தது. உங்கள் சுவரொட்டிப் போட்டிக்கு எதிராக யாராவது சம்மட்டி தூக்கியிருக்கிறார்களா?

கூட்டம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது மிச்சிகன் பல்கலைக்கழகம், 1965 மார்ச் 24. வியட்நாம் போரை எதிர்த்து ஒரு நாள் வகுப்பு எடுப்பதில்லை என்று ஆசிரியர்கள் சிலர் அறிவித்தார்கள். அரசியல்வாதிகள் கொதித்தார்கள். கற்பிக்காமல் இருப்பதுதானே குற்றம், அப்படியானால் விடிய விடியக் கற்பிப்போம் என்றார் மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ். 'டீச்-இன்' பிறந்த கதை இது. இரவு 8 மணிக்குத் தொடங்கி காலை 8 வரை. சுமார் 3000 பேர் வந்தார்கள். மாணவியர் விடுதிகளின் நேரக் கட்டுப்பாடு அன்றைக்கு மட்டும் தளர்த்தப்பட்டது. நடுவில் வெடிகுண்டு மிரட்டல் வந்து எல்லாரும் வெளியேற வேண்டியதாயிற்று. உறைபனியில் நின்றபடியே கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டு யாரும் காவல் இருக்கவில்லை.

இனி உங்கள் மாணவர்களின் முகாம். எந்த முகாம் என்று நீங்கள் எழுதவில்லை. செய்திகளில் பார்த்த ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். தமிழ்நாட்டில் 1983க்குப் பிறகு வந்த இலங்கைத் தமிழர்களுக்கான முகாம்கள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. 2021இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. பெயர் மாறினாலும் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இன்னும் குடியுரிமை இல்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. உங்கள் வகுப்பிலேயே அப்படி ஒரு பிள்ளை இருக்கக்கூடும். முகாம் முகவரியைச் சொல்லாமல் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளையை மேடையில் ஏற்றிவிடாதீர்கள், அது வேறு விதமான கொடுமை. தனியே கேளுங்கள்: இப்படி ஒரு முகாமை நாங்கள் கட்டலாமா, கட்டினால் எதைக் காட்ட வேண்டும், எதைக் காட்டக் கூடாது? வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அகதி மாணவருக்குச் சேர்க்கையில் உங்கள் அலுவலகம் என்னென்ன சான்றிதழ் கேட்கிறது, முகாமிலிருந்து வருகிறவருக்கு அதில் எது கிடைக்காது என்று பட்டியல் போட்டாலே ஒரு நாள் விழாவுக்குப் போதும். கோரிக்கை வைக்க முதல்வர் அறை பக்கத்தில்தான் இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். சுவரொட்டிகளில் ஆண்டுதோறும், பிரகடனத்தை வரைந்த குழுவின் தலைவர் எலினார் ரூஸ்வெல்ட் படம் மட்டும்தான் வருகிறது. பிரகடனத்தின் முதல் பிரிவு 'ஆண்கள் அனைவரும்' என்று பொருள்படும்படி இருந்ததை 'மனிதர்கள் அனைவரும்' என்று மாற்ற வைத்தவர், ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்த ஹன்சா மேத்தா. பின்னர் பரோடா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். ஒரு கல்லூரி விழாவில் அவர் படம் இருக்க வேண்டாமா?

என்னை அழைப்பதாக இருந்தால், வருகைப்பதிவு கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். பத்துப் பேர் இருந்தாலும் வருகிறேன். சால்வை வேண்டாம், அந்தக் கல்லூரியின் சால்வை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது.