ஓவர்டைம் பணத்தைத் தர மறுத்தால் என்ன செய்யலாம்?

சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனை ஆலையில், ஷிப்ட் முடிந்த பிறகும் இரண்டு மணி நேரம் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன நிர்வாகம், பாரம் (படிவம்) நிரப்பவில்லை என்று காரணம் காட்டிக் கூலி தர மறுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, உங்களைப் போன்ற உடலுழைப்புத் தொழிலாளிக்கு, வழக்கமான நாளில் செய்யும் கூடுதல் வேலைக்கு மணிக்கூலியில் குறைந்தது ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மேலாளர் சொல்லித்தான் நின்றீர்கள் என்றால், பாரம் இல்லை என்பது என் பார்வையில் வெறும் சாக்குதான்.

ஆனால் ஓவர்டைம் பணத்தை அடுத்த சம்பளக் காலத்தின் கடைசி நாள் வரை கொடுக்கலாம் என்பதால், இந்த மாதச் சீட்டில் காணவில்லை என்றதும் பதற வேண்டாம். அதுவரை பஞ்ச் கார்டைப் படமெடுத்து, நிற்கச் சொன்னவர் பெயரையும் நேரத்தையும் அன்றன்றே குறித்து வையுங்கள். ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் வாய்மொழியாகக் கேட்காமல் எழுதிக் கேளுங்கள் (ஆபீசில் வாய்ப்பேச்சு யாருக்கும் நினைவிருப்பதில்லை). அப்போதும் தராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுங்கள். அங்குள்ள தொழிலாளர் நீதிமன்றம் விசாரித்துப் பணத்தைக் கொடுக்குமாறு உத்தரவிட முடியும், அதற்கு வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமில்லை.