உள்ளூர் நிதியத்திடம் உதவி கோரும் தொண்டு அமைப்புகளுக்கு: கேள்வி பதில்

உள்ளூர்ச் சமூக நிதியம் ஒன்றின் தேர்வுக் குழுவில் இருந்து விண்ணப்பங்களைப் படித்து வருபவன் என்ற முறையில், கடலூர், புதுச்சேரிப் பகுதித் தொண்டு அமைப்பினர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): சமூக நிதியத்துக்கும் சி.எஸ்.ஆர். (நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு) நிதிக்கும் என்ன வேறுபாடு?

சமூக நிதியம் என்பது ஓர் ஊரைச் சேர்ந்த பலர் தரும் பணத்தை ஒன்றாகத் திரட்டி, அவ்வூரின் தொண்டு அமைப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கும் அமைப்பு. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914இல் இம்முறை தொடங்கியது. மும்பையில் 1991இல் பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் உருவானது. சி.எஸ்.ஆர். என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு பெரிய நிறுவனங்களின்மேல் சுமத்திய கடமை: முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டும். அப்பணத்தைப் பெற்றுச் செயல்படுத்தும் தொண்டு அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். நிறுவனங்கள் தம்மைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரும்படி சட்டமே சொல்வதால், நெய்வேலிக்கோ சிப்காட்டுக்கோ அருகில் பணியாற்றுவோர் நிறுவனங்களை முதலில் அணுகலாம். சிறு தொகை வேண்டும் சிறு அமைப்புகளுக்கு உள்ளூர் நிதியமே ஏற்றது.

கேள்வி (பாகூர்): நாங்கள் பதிவு செய்யாத மகளிர் குழு. விண்ணப்பிக்கலாமா?

நேரடியாக இயலாது, அம்மா. பதிவு பெற்ற ஓர் அமைப்போடு சேர்ந்து விண்ணப்பியுங்கள். அல்லது சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்துகொள்ளுங்கள். கடலூர் மாவட்டத்தில் சங்கங்களுக்கு 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டம் பொருந்தும். நீங்கள் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் இருப்பதால் அங்குள்ள பதிவு அலுவலகத்தில்தான் விசாரிக்க வேண்டும். கணவர், மனைவி, மகன் என மூவரை மட்டும் வைத்து அறக்கட்டளை எழுதாதீர்கள். வங்கிக் கணக்கு அமைப்பின் பெயரில், இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற நிபந்தனையோடு இருக்கட்டும்.

கேள்வி (முத்தியால்பேட்டை): பிரான்சில் வாழும் எங்கள் ஊர்க்காரர்கள் பணம் தர முன்வந்துள்ளனர். உங்கள் நிதியம் அதைப் பெற்று எங்களுக்குத் தர முடியுமா?

முடியாது. புதுச்சேரியில் அடிக்கடி எழும் ஐயம் இது என்பதால் விரிவாகச் சொல்கிறேன். அனுப்புபவர் எந்த நாட்டுக் குடியுரிமை உடையவர் என்பதே முதல் கேள்வி. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவர் இங்கேயே பிறந்தவராயினும், இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்குத் தரப்படும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவராயினும், அவர் தரும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகவே கருதப்படும். அதே பாரிசில் இந்தியக் கடவுச்சீட்டோடு வாழ்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அவ்வாறு கருதப்படாது. ஆகவே ஒரே குடும்பத்தில் அண்ணன் பணத்தைப் பெறலாம், தம்பி பணத்தைப் பெறக் கூடாது என்ற நிலையும் வரலாம். வெளிநாட்டுப் பங்களிப்பைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். அது பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். அவ்வாறு பெற்ற பணத்தை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் முற்றாகத் தடைசெய்துவிட்டது. "எங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள், பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் விலகிவிடுங்கள்.

கேள்வி (பண்ருட்டி): வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி, 80ஜி பிரிவுப் பதிவுகள் இரண்டும் கட்டாயமா?

12ஏபி உங்கள் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தருவது. 80ஜி உங்களுக்குக் கொடுப்பவருக்கு வரிச்சலுகை தருவது. எங்களைப் போன்ற நிதியங்கள் முதலாவதைத்தான் கூர்ந்து பார்க்கும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறாக இருப்பதால், பழைய கடிதத் தாளை அப்படியே அச்சிடும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): என் தந்தையின் அறுவைச் சிகிச்சைக்கு உதவுவீர்களா?

தனிநபர் உதவி எங்கள் வரம்பில் இல்லை, தம்பி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ளீர்களா என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுங்கள்.

கேள்வி (பரங்கிப்பேட்டை): மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஆசிரியரின் சம்பளத்தைத் திட்ட மதிப்பீட்டில் காட்டலாமா?

காட்டத்தான் வேண்டும்.

மறுப்பு (வில்லியனூர்): தொண்டுக்கு எதற்குச் சம்பளம்? கொடுக்கும் பணம் முழுவதும் பயனாளிக்கே போக வேண்டும்.

இக்கருத்தை ஆதரித்து மேலும் பலர் எழுதியுள்ளதால் சற்று நின்று பேசுவோம். 2011 திசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் என்று ஒவ்வொரு பேரிடரிலும் இப்பகுதிக்கு அரிசியும் போர்வையும் வந்து குவிந்தன. எந்தத் தெருவில் கைம்பெண்கள் தனியே வாழ்கிறார்கள், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்ற பட்டியல் ஆண்டு முழுவதும் அத்தெருவில் நடந்த பணியாளரிடம்தான் இருக்கும். அவருக்கு ஊதியம் தராமல் போர்வைக்கு மட்டும் பணம் தந்தால், சாலையோர வீடுகளுக்கு நான்கு போர்வையும் உள்ளே இருப்பவருக்கு ஒன்றுமில்லாமலும் போகும். படிப்பகத்திலும் ஆசிரியரே திட்டம், கரும்பலகை பிற்பாடு.

மீண்டும் வில்லியனூர்: சி.எஸ்.ஆர். விதியே நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறதே?

அந்த 5 விழுக்காடு, பணம் கொடுக்கும் நிறுவனம் தன் சி.எஸ்.ஆர். பணிகளை நிர்வகிக்கச் செய்யும் பொதுச் செலவுக்கு விதித்த வரம்பு. திட்டத்தை நேரடியாக நிறைவேற்றவும் கண்காணிக்கவும் ஆகும் செலவு அதில் சேராது. வெளிநாட்டுப் பங்களிப்புக்கு வேறு வரம்பு உண்டு: நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இவற்றைக் குழப்பிக்கொண்டு பலர் சம்பளத்தை "பயிற்சிப் பொருட்கள்" என்ற தலைப்பில் ஒளித்து எழுதுகிறார்கள். அதைக் கண்டதும் குழு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கிவிடும். ஐயா கேட்பதில் ஒரு நியாயம் உண்டு: மீன்வலை வாங்கித் தரும் திட்டத்தில் பாதித் தொகை சம்பளம் என்றால் நானும் மறுப்பேன். வேலையின் தன்மையைப் பொறுத்து விகிதம் மாறும் என்பதே என் நிலை. பரங்கிப்பேட்டை அம்மா ஆசிரியரின் வேலை நேரத்தையும் மாதத் தொகையையும் எழுதினால் போதும்.

கேள்வி (விருத்தாசலம்): நிதி வாங்கித் தருவதாக ஒருவர் பத்து விழுக்காடு கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். இதே கேள்வியை அனுப்பியுள்ள மற்றவர்களுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (அரியாங்குப்பம்): தொகையைச் செயலாளரின் சொந்தக் கணக்கில் பெறலாமா?

பாகூர் அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

கேள்வி (தேவனாம்பட்டினம்): சென்ற முறை எங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மீண்டும் அனுப்பலாமா?

தாராளமாக. ஆனால் தேதியை மட்டும் மாற்றி அனுப்புவதாயின் வேண்டாம். குழுவினர் பழைய கோப்பையும் அருகில் வைத்துக்கொண்டுதான் படிப்பார்கள். நிராகரித்த காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். தணிக்கை அறிக்கைக்கும் விண்ணப்பத்துக்கும் தொகைகள் பொருந்தாமையோ, முந்தைய நிதிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் தராமையோ காரணமாக இருந்தால், அதைச் சரிசெய்த விவரத்தை முதல் பக்கத்திலேயே எழுதி, சான்றிதழின் நகலை உடன் இணைத்து அனுப்புங்கள்.