ஜேர்மனிக்கு சாட்பொட் செய்து கொடுத்தால் எங்களுக்கும் தண்டமா?

கேள்வி: கிளிநொச்சியில் நாலு பேர் சேர்ந்து சிறிய மென்பொருள் கம்பனி நடத்துகிறோம். ஜேர்மனியிலுள்ள தமிழ்க் கடை ஒன்றுக்கு, வெளிநாட்டு ஏஐ (செயற்கை நுண்ணறிவு) மாடலை வைத்து, வாடிக்கையாளரோடு தானாகவே உரையாடும் சாட்பொட் செய்கிறோம். ஐரோப்பிய ஏஐ சட்டப்படி 35 மில்லியன் யூரோ தண்டம் வரும், சான்றிதழ் எடுக்கவேண்டும் என்று ஒரு முகவர் நாலு இலட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. 2024இல் வந்த அந்தச் சட்டம் இப்படியான சாட்பொட்டுக்குச் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. பேசுவது இயந்திரம் என்று வாடிக்கையாளருக்குத் தொடக்கத்திலேயே சொல்லிவிடவேண்டும், அதற்கு ஒரு வரி போதும்.

அந்த 35 மில்லியன், அல்லது ஆண்டு வருமானத்தில் 7 வீதம், எது கூடவோ அது: முற்றாகத் தடைசெய்த வேலைகளைச் செய்யும் பெரிய நிறுவனங்களுக்கான உச்சத் தண்டம் இது. சிறிய கம்பனிக்கு இந்த இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம் என்று அதே சட்டம் சொல்கிறது. முகவர் முதல் பாதியை மட்டும் வாசித்து உங்களை வெருட்டியிருக்கிறார். இப்படி வெருட்டிக் காசு பறிக்கிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன், முத்திரை குத்திய வடிவான தாள் ஒன்று தருவார்கள், அதை அங்கே எந்த அதிகாரியும் கணக்கெடுக்கமாட்டார். நீங்கள் வைத்துச் செய்வது போன்ற பாரிய ஏஐ மாடல்களுக்கான கடும் விதிகளும் அவற்றைச் செய்தவர்களுக்குத்தான். நீங்கள் அதற்குக் கொஞ்சம் தமிழ் பழக்கியதால் அந்தப் பொறுப்பு உங்கள் தலையில் விழாது.

ஒன்றில் மட்டும் கவனம். நாளைக்கே கடைக்காரர், வேலைக்கு வரும் விண்ணப்பங்களையும் இது பார்த்துத் தரட்டும் என்பார். சும்மா வடிகட்டித் தருவதுதானே என்று செய்துவிடாதீர்கள். விண்ணப்பங்களை வடிகட்டுவதும் ஆட்களை மதிப்பிடுவதும் அந்தச் சட்டத்தின் உயர் ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. அதற்குள் போனால் தொழில்நுட்ப ஆவணங்கள், பதிவேடுகள், மனித மேற்பார்வைக்கான வசதி, ஐரோப்பாவில் எழுத்துமூலம் நியமித்த பிரதிநிதி என்று எல்லாம் வேண்டும். நாலு பேரால் தாங்கமுடியாது. கடைக்காரர் சொந்தக்காரர் என்றாலும் மறுத்துவிடுங்கள்.

எனக்குக் கோபம் வருவது வேறொன்றில். புதுப் பொருளை அதிகாரிகளின் மேற்பார்வையில் பரீட்சித்துப் பார்க்கும் களங்களில் சிறிய கம்பனிகளுக்கு முன்னுரிமை உண்டு, ஆனால் ஐரோப்பாவில் பதிந்த அலுவலகமோ கிளையோ இருந்தால்தான். விதி கிளிநொச்சிவரை வருகிறது, உதவி வருவதில்லை. இது என்ன நியாயம்? கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கு இதையெல்லாம் தமிழில் விளக்க எங்கள் அரசு ஒருவரை உட்கார்த்தினால், முகவருக்கு இங்கே என்ன வேலை?

சரி, அந்த நாலு இலட்சத்தில் சிறு பங்கை ஒரு சட்டத்தரணிக்குக் கொடுத்து ஒப்பந்தத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எந்தச் சட்டமீறலுக்கும் கம்பனியே முழுப்பொறுப்பு என்ற வரி இருந்தால் கையெழுத்து வைக்கவேண்டாம். சாட்பொட் எதற்கு மட்டும் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.