காது வீக்கமும் கம்மிய குரலும்

கேள்வி: எனக்கு வயது 46. கடந்த சில மாதங்களில் மூன்று முறை காது மடல் சிவந்து வீங்கி, தலையணையில் வைக்க முடியாதபடி வலித்தது. முதலில் வலது காது, பிறகு இடது. மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் சாப்பிட்டால் அடங்கிவிடுகிறது. முடி கொட்டுகிறது, விரல்களில் சொடக்குச் சத்தம் கேட்கிறது, ஒரு மாதமாகக் குரலும் கம்மியிருக்கிறது. இணையத்தில் பார்த்தால் புற்றுநோய் என்று போட்டிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: காது மடலில் வரும் புற்றுநோய் ஒரே இடத்தில் ஆறாத புண்ணாகவோ கட்டியாகவோ நின்று வளருமே தவிர, ஒரு காதில் வற்றி மறு காதில் தலைகாட்டாது. அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். விரல் சொடக்கில் ஒன்றுமில்லை. முடி கொட்டுவதை மருத்துவரிடம் ஒரு வரியில் சொன்னால் போதும். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கும் குரல் கம்மல்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

அடுத்த முறை காது சிவக்கும்போது கண்ணாடியில் பாருங்கள். மடல் முழுவதும் கன்றிச் சிவந்திருக்க, தோடு போடும் சோணை மட்டும் இயல்பான நிறத்தில் இருந்தால், பாதிக்கப்பட்டது குருத்தெலும்பு என்று பொருள். சோணையில் குருத்தெலும்பு கிடையாது. மேல்மடலில் காது குத்தியதால் கிருமி தொற்றினாலும் சோணை தப்பும், ஆனால் அது குத்திய காதோடு நின்றுவிடும். இரு காதுகளிலும் மாறிமாறி வந்தால் 'ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைடிஸ்' என்ற அரிய நோயை நினைக்க வேண்டும். நம் எதிர்ப்பு மண்டலமே உடலின் குருத்தெலும்பைத் தாக்கும் நோய் அது. காது மட்டுமன்றி மூக்குத்தண்டு, மூட்டுகள், கண், சிலருக்கு இதய வால்வு வரை அது தொடும்.

குரல்வளையும் மூச்சுக்குழாயும் குருத்தெலும்பின் பலத்தில்தான் திறந்து நிற்கின்றன. அங்கே அழற்சி பரவினால் முதலில் குரல் கம்மும், தொண்டையின் முன்புறம் அழுத்தினால் வலிக்கும், வறட்டு இருமல் வரும். இதை ஆஸ்துமா என்று எண்ணி இன்ஹேலரோடு காலம் தள்ளியவர்கள் உண்டு. மூச்சை இழுக்கும்போது கீச்சென்ற ஒலி கேட்டாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ, மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றிரவே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

இந்த மூச்சு அறிகுறிகள் இல்லாவிட்டாலும் இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட்டு, வாதநோய் நிபுணரை (ரூமட்டாலஜிஸ்ட்) பாருங்கள். மூச்சை இழுத்தும் விட்டும் எடுக்கும் சி.டி. ஸ்கேனும், இதயத்தைப் பார்க்கும் எக்கோ ஸ்கேனும், கண் பரிசோதனையும் தேவைப்படலாம். தொண்டைக்குள் குழாய் விடும் எந்தச் சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருத்துவரிடம் இந்தச் சந்தேகத்தைச் சொல்லியாக வேண்டும்.

மருந்துக்கடை ஸ்டீராய்டைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். இந்த நோய்க்கும் ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. ஆனால் அளவும் காலமும் தெரியாமல் நான்கு நாள் விழுங்கி நிறுத்தினால், வெளியே சிவப்பு மறையும், உள்ளே அழற்சி தொடரக்கூடும், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி அளவுகளும் இறங்கி மருத்துவரைத் திசைதிருப்பும். இந்த நோயைத் தனியே காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை என்பதால், கண்ணால் பார்க்கும் அடையாளம்தான் எங்களுக்குப் பெரிய ஆதாரம். ஆகவே காது சிவந்திருக்கும்போதே சோணையும் தெரியும்படி இருபுறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும் தூக்கியெறியாமல் கையோடு கொண்டு போங்கள்.