திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாதா?

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது. ஹைம் கினாட் என்ற குழந்தை உளவியலாளரின் புத்தகத்தைப் படித்ததிலிருந்து என் மனைவி, "பையனைத் திட்டாதீங்க, நல்ல பிள்ளைன்னும் புகழாதீங்க" என்கிறார். 1973-லேயே இறந்துபோனவர் சொன்னதை வைத்து இன்று பிள்ளை வளர்க்க முடியுமா? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட மாட்டோமா?

பதில்: உங்கள் பயம் புரிகிறது. ஆனால் கினாட் செல்லம் கொடுக்கச் சொன்னவரே அல்ல. இஸ்ரேலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்து, அமெரிக்காவுக்குப் போய் உளவியல் படித்தவர். 1965-ல் அவர் எழுதிய 'பிட்வீன் பேரன்ட் அண்ட் சைல்ட்' கண்டிப்பான புத்தகம்தான். அவர் கணக்கில், ஒரு பிள்ளைக்குத் தம்பி மேல் பொறாமை வரலாம், அதைச் சொல்லவும் செய்யலாம். தம்பியை அடிக்கத்தான் கூடாது.

மேஜையில் பால் கொட்டுகிறது. "கண்ணு எங்க இருக்கு? எத்தனை தடவை சொல்றது!" என்று நாம் ஆரம்பிப்போம். கினாட் வழியில் இது இரண்டே வரி: "பால் கொட்டிடுச்சு. இந்தா துணி, துடைச்சிடு." பேச்சு பாலைப் பற்றி, பையனின் குணத்தைப் பற்றி அல்ல. கோபத்தையும் அவர் அடக்கச் சொல்லவில்லை. "எனக்குக் கோபமா வருது" என்று உரக்கவே சொல்லலாம். "நீ உருப்பட மாட்டே" மட்டும் வேண்டாம்.

பாராட்டுக்கு அவர் சொல்லும் கதை என்னை உலுக்கியது. நீண்ட கார் பயணம். ஆறு வயதுப் பையன் பின்சீட்டில் சத்தமில்லாமல் வருகிறான். "எவ்வளவு நல்ல பையன் நீ!" என்கிறாள் அம்மா. அடுத்த நிமிஷம் காரில் இருந்த சிகரெட் சாம்பல் கிண்ணத்தை எடுத்து அவர்கள் மேல் கொட்டுகிறான். அப்பா அம்மாவுக்கு நடுவில் இருந்த தம்பியை எப்படி ஒழிக்கலாம் என்றுதான் அவன் அதுவரை யோசித்துக்கொண்டிருந்தானாம். 'நல்ல பையன்' என்றதும் குற்ற உணர்வு பொறுக்கவில்லை. அதனால்தான் ஆளைப் புகழாமல் செய்த வேலையைச் சொல்லச் சொன்னார்.

அவருடைய பெற்றோர் வகுப்பில் உட்கார்ந்த அடேல் ஃபேபர், எலைன் மாஸ்லிஷ் என்ற இரு தாய்மார்கள் பிற்பாடு எழுதிய புத்தகங்கள் இன்றும் விற்கின்றன. காலாவதியான சரக்கு என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. "உன் வருத்தம் புரியுது" என்று மனப்பாடமாக ஒப்பித்தால் எட்டு வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும். அடுத்த முறை அவன் படம் வரைந்து கொண்டுவந்தால், 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு போனைப் பார்க்காதீர்கள். "மரத்துக்கு வேர்கூட வரைஞ்சிருக்கியே!" என்று சொல்லிப் பாருங்கள். மிச்சத்தை அவனே பேசுவான்.