நாமினி வாங்கும் பணம் யாருக்குச் சொந்தம்?

கேள்வி: என் கணவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். சுயசம்பாத்தியத்தில் அவர் கட்டிய வீடும், வங்கியில் 8 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும் இருக்கின்றன. திருமணத்துக்கு முன்பே போட்ட அந்த வைப்புக்கு அவருடைய தம்பிதான் நாமினி. பணம் தனக்கே சேரும் என்கிறார். எனக்கு மைனர் பிள்ளைகள் இருவர். மாமனார் இல்லை, மாமியார் இருக்கிறார். நான் என்ன செய்வது?
– கும்பகோணம் வாசகி

பதில்: சகோதரி, உங்கள் கொழுந்தனாருக்கு அந்தப் பணத்தை வங்கியிலிருந்து பெறும் உரிமை உண்டு, தனக்கென்று வைத்துக்கொள்ளும் உரிமை இல்லை. வங்கி வைப்பின் நாமினி, வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்குபவரே தவிர அதன் உரிமையாளர் அல்லர் என்பதை உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆனாலும் தாமதிக்காதீர்கள். நாமினியிடம் கொடுத்துவிட்டால் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடும். நீங்கள் எழுதித் தரும் ஆட்சேபக் கடிதம் வங்கியைக் கட்டுப்படுத்தாது, நீதிமன்ற உத்தரவுதான் கட்டுப்படுத்தும் என்பதால், பேசிப் பார்த்தும் அவர் இணங்காவிட்டால், பணம் கைமாறுவதற்குள் வழக்கறிஞர் மூலம் தடையாணை கேளுங்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் யார் யார் வாரிசு என்று காட்டுமே ஒழிய, யாருக்கு எவ்வளவு என்ற வழக்கைத் தீர்க்காது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மாமியாரும் முதல் வகுப்பு வாரிசு. நீங்கள், பிள்ளைகள் இருவர், அவர் என நால்வருக்கும் சம பங்கு. வைப்பில் ஆளுக்கு 2 லட்சம், வீட்டில் ஆளுக்குக் கால் பங்கு. "மாமியார் பெயரை மனுவில் விட்டுவிடுங்கள்" என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்படி வாங்கிய சான்றிதழ் பின்னால் ரத்தாகும், பெற்ற மகனைப் பறிகொடுத்த தாய்க்குச் செய்யும் அநியாயமும் அது. அவரும் உயிலின்றிக் காலமானால், அவருக்கு இந்த இரு மகன்கள் மட்டுமே என்றால், அவருடைய கால் பங்கில் பாதி கொழுந்தனாருக்கும் மீதிப் பாதி உங்கள் பிள்ளைகளுக்கும் போகும். மருமகளான உங்களுக்கு அதில் பங்கில்லை.

வீட்டை விற்கும் நிலை வந்தால், மைனர்களின் பங்கை விற்பதற்கு நீங்கள் தாயாகவே இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். மாமியார் மனமுவந்து தம் பங்கை உங்களுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விட்டுக்கொடுப்பதாக இருந்தால், விடுதலைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். வெள்ளைத்தாளில் வாங்கும் கையெழுத்தால் வீட்டின் பங்கு கைமாறாது.